ரெசினா, கிளாஸ் அயனோமரா? குழந்தையின் கடைவாய்ப்பல்லுக்கு எந்த சீலன்ட்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு வயது மகளுக்குப் புதிய கடைவாய்ப்பற்கள் நான்கும் முளைத்துக்கொண்டிருக்கின்றன. சொத்தை வராமலிருக்க அவற்றின் மேல் சீலன்ட், அதாவது பல்லின் பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சு, வைக்கலாம் என்று நீங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், பிளாஸ்டிக் வகையான ரெசின்தான் வைக்க வேண்டும், அதுதான் வருடக்கணக்கில் நிற்கும் என்றார். சில மாதம் முன்பு பார்த்த இன்னொருவர், சிமென்ட் வகையான கிளாஸ் அயனோமர் போதும், அதிலிருந்து ஃப்ளோரைடும் கிடைக்கும் என்றார். இரண்டில் எது நல்லது என்பது கேள்வி. கூடவே, வைத்தது விழுந்துவிட்டால் பல் முன்பைவிட மோசமாகுமா, ரெசினில் பிஸ்பீனால் ஏ என்ற, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் ரசாயனம் இருக்கிறதாமே என்ற பயமும் தெரிகிறது. படித்தவர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொல்லும்போது, தப்பான பக்கம் சாய்ந்து பிள்ளைக்கு நாமே கெடுதல் செய்துவிடுவோமோ என்ற தவிப்புதான் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கு மட்டும் பல் வைத்தியம் பார்க்கிறேன். இந்த இரண்டு பொருளையும் ஏறக்குறைய தினமும் கையில் எடுக்கிறேன். அந்த இரண்டு மருத்துவர்களுமே சரியாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். இந்த விஷயத்தில் பெரும்பாலும் முடிவெடுப்பது பொருளின் பெயர் கிடையாது, பல்லைச் சுற்றியுள்ள ஈரம். ஒருவர் பார்த்தபோது பல் பாதிதான் வெளியே வந்திருக்கலாம். அடுத்தவர் பார்க்கும்போது முழுதாக எழும்பியிருக்கலாம். அதே பிள்ளை, அதே பல், நடுவில் நாலு மாத இடைவெளி. பதில் மாறுவதற்கு அது போதும். ஏன் என்று விளக்குகிறேன்.

கடைவாய்ப்பல்லின் மெல்லும் பரப்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். அந்தப் பள்ளங்களுக்குள் சில, மேலே விரிந்து கீழே போகப்போக ஊசிமுனை போல ஒடுங்கும். சில, குடுவை மாதிரி வாய் குறுகி அடியில் அகன்றிருக்கும். டூத் பிரஷ்ஷின் ஒரு இழை சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமன். பல பள்ளங்களின் அடிப்பகுதி அதில் பாதி அகலம்கூட இருக்காது. ஆகவே நீங்கள் எவ்வளவு பொறுப்பாகத் தேய்த்துவிட்டாலும் இழை உள்ளே இறங்காது, கிருமி மட்டும் இறங்கும். குழந்தைகளுக்கு நிரந்தரப் பற்களில் வரும் சொத்தையில் மிகப் பெரும்பகுதி இந்தப் பள்ளங்களில் தொடங்குவது அதனால்தான். பிள்ளை சரியாகத் தேய்க்கவில்லை, நான் கவனிக்கவில்லை என்று தாய்மார்கள் என் முன்னால் உட்கார்ந்து வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பாதி வருத்தம் தேவையில்லாதது. அந்த இடம் பிறவியிலேயே அப்படி அமைந்தது.

இந்தப் பள்ளத்தை அடைத்துவிட வேண்டும் என்ற யோசனை பழையது. 1923இல் ஹையட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், சொத்தை வருவதற்கு முன்பே பள்ளத்தை லேசாகக் குடைந்து உலோகக் கலவையால் நிரப்பிவிடலாம் என்றார். நல்ல பல்லைக் குடைய வேண்டியிருந்ததுதான் அதிலிருந்த குறை. 1955இல் புவனகோர் என்பவர், பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் பல்லின் கடினமான வெளி ஓடான எனாமல் மேல் வைத்துக் கழுவினால் பிளாஸ்டிக் அதில் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். பல் வைத்தியத்தின் போக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு அது. 1967இல் அவரும் கியூட்டோவும் சேர்ந்து, குடையாமலே பள்ளத்தை மூடும் முதல் சீலன்ட்டின் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் அப்போது எடுத்துக்கொண்டது சூப்பர் பசை வகையைச் சேர்ந்த ஒரு பொருள். அது வாய்க்குள் நிலைக்கவில்லை. அதன் இடத்தை போவன் என்பவர் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ என்ற ரெசின் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு உங்கள் மருத்துவர் ரெசின் என்று சொல்வது பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான்.

ரெசின் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் அது எப்போது விழும் என்பதும் புரிந்துவிடும். முதலில் பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்தோ, ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பைப் பல்லைச் சுற்றி மாட்டியோ எச்சில் வராமல் தடுக்கிறோம். பிறகு 35 முதல் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லைப் பள்ளத்தின் மேல் 15 முதல் 30 நொடி வைக்கிறோம். கழுவிக் காற்றடித்து உலர்த்தினால், பளபளப்பாக இருந்த எனாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மங்கிய வெள்ளையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்துளைகள் அங்கே உண்டாகியிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். தண்ணீர் போல இருக்கும் ரெசினைத் தடவினால் அந்தத் துளைகளுக்குள் வேர்விட்டு இறங்கும். நீல விளக்கைக் காட்டினால் சில நொடிகளில் அப்படியே இறுகும். ரெசினுக்கும் எனாமலுக்கும் நடுவே ரசாயனப் பிணைப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வேர் இறங்கிய பிடிதான் எல்லாம்.

இப்போது அந்த வெள்ளைப் பரப்பின் மேல் ஒரே ஒரு நொடி எச்சில் பட்டது என்று வையுங்கள். பிள்ளை நாக்கைத் திருப்பினாள், அல்லது விழுங்கினாள். எச்சிலிலுள்ள புரதம் மெல்லிய படலமாக அந்தத் துளைகளை மூடிவிடும். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த ரெசினை வைத்தாலும் வேர் இறங்க இடமில்லை. மேலே பார்த்தால் அழகாக உட்கார்ந்திருக்கும், மூன்றாம் மாதம் ஓரம் தூக்கும். எச்சில் பட்டால் மறுபடி அமிலம் வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. உதவியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சிக்கொண்டிருந்தால் சீலன்ட் அதிக நாள் நிற்கிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. என்னைக் கேட்டால், ரெசின் சீலன்ட்டின் ஆயுளில் பொருளின் பங்கைவிட அந்த இரண்டு நிமிடக் கவனத்தின் பங்கு அதிகம்.

கிளாஸ் அயனோமர் வேறு குலம். லண்டனில் அரசு ரசாயனக் கூடத்தில் வேலை செய்த வில்சனும் கென்ட்டும் 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. ஃப்ளோரைடு கலந்த கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலம் போன்ற ஒரு மிதமான அமிலத்தையும் குழைத்தால் இரண்டும் வினைபுரிந்து சிமென்ட்டாக இறுகும். 1974இலேயே மக்லீனும் வில்சனும் இதைப் பள்ளம் அடைக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இது எனாமலிலுள்ள கால்சியத்தோடு ரசாயன முறையில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் பாஸ்பாரிக் அமிலம் வைத்துத் துளை போட வேண்டியதில்லை. மிதமான அமிலத்தால் பத்து இருபது நொடி துடைத்தால் போதும். இது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பொருள் என்பதால் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். இந்த இடத்தில் ஒரு தப்பான எண்ணம் பரவலாக இருக்கிறது. எச்சிலில் மிதந்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இறுகும் முதல் சில நிமிடங்களில் தண்ணீர் பட்டாலும் கெடும், அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் வெடிக்கும். அதனால்தான் வைத்தவுடன் மேலே வாசலினோ வார்னிஷோ தடவி மூடுகிறோம்.

இதன் பலவீனம் உடம்புவலு. ரெசினோடு ஒப்பிட்டால் சீக்கிரம் தேயும், சிதறும், துண்டாக உடைந்து வரும். கெட்டியாகக் குழைக்கும் புதிய வகைகள் பழைய நீர்த்த வகைகளைவிட எவ்வளவோ மேல். 1980களின் நடுவில் தான்சானியாவில் மின்சாரம் இல்லாத இடங்களுக்காக உருவான ஒரு முறையில், இந்தக் கெட்டி சிமென்ட்டைப் பல்லின் மேல் வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளுவார்கள். நானும் பல சமயம் அப்படித்தான் செய்கிறேன். விரலை எடுக்கும்போது பள்ளத்தின் வரி சிமென்ட்டில் அச்சாகத் தெரியும். விளக்கு, காற்றுக்குழாய் எதுவும் இல்லாமலே ஒரு பல்லுக்குக் கவசம் போட்டுவிட்ட திருப்தி இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் குறையவில்லை.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். இங்கே உறுதியானதையும் இழுபறியில் இருப்பதையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட ரெசின் சீலன்ட் வைப்பது மேல் என்பதில் சந்தேகமே இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வின் கணக்கை இப்படிச் சொல்லலாம்: சீலன்ட் இல்லாமல் இரண்டு வருடத்தில் 1000 பற்களில் 400 சொத்தையாகும் ஒரு குழுவில், ரெசின் வைத்தால் அது சுமார் 63 ஆகக் குறையும். 2016இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், இரண்டு மூன்று வருடத்தில் சொத்தை அபாயம் 76 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது. நீண்ட காலத்துக்கு சைமன்சன் என்பவரின் ஆய்வு இருக்கிறது. ஒரே ஒருமுறை வெள்ளை ரெசின் வைத்து, 15 வருடம் கழித்துப் பார்த்தார். சுமார் 28 சதவீதப் பற்களில் முழுதாகவும் 35 சதவீதத்தில் பாதியாகவும் அது இன்னும் இருந்தது. நடுவில் ஒருமுறைகூடத் திருத்தாமல் இந்தக் கணக்கு.

இழுபறி தொடங்குவது இரண்டையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தும்போது. நிற்பதில் ரெசின்தான் மேல், இதில் கருத்து வேறுபாடு இல்லை. அதே 2016 வழிகாட்டியின்படி, கிளாஸ் அயனோமர் பெயர்ந்துவிடும் அபாயம் ரெசினைப்போல் ஐந்து மடங்கு. அப்படியானால் சொத்தையும் ஐந்து மடங்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சொத்தை எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆய்வுகளின் தரமும் உயர்ந்ததாக இல்லை. அதனால்தான் அந்த வழிகாட்டிக் குழு, இதுதான் உயர்ந்தது என்று ஒரு பொருளைக் கைகாட்டவில்லை.

பெயர்ந்துபோன சிமென்ட் எப்படிப் பாதுகாக்கிறது? மேலே கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பற்களை அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், பள்ளத்தின் அடியில் சிமென்ட் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நமக்கு விழுந்துவிட்டதாகத் தெரிவது, கிருமியைப் பொறுத்தவரை இன்னும் மூடிய கதவாக இருக்கலாம். இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது ஃப்ளோரைடு. இது முதல் ஓரிரு நாளில் நிறைய வெளிவரும், பிறகு வேகமாகக் குறைந்து சொட்டுச் சொட்டாக நீடிக்கும். பற்பசையிலிருந்து ஃப்ளோரைடை மறுபடி வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யும். இவை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த விஷயங்கள். ஆனால் வாய்க்குள் இந்த ஃப்ளோரைடு மட்டுமே எத்தனை சொத்தையைத் தடுத்தது என்பதைத் தனியே பிரித்து யாரும் உறுதியாகக் காட்டவில்லை. தினமும் ஃப்ளோரைடு பற்பசையால் தேய்க்கும் பிள்ளைக்கு அதன் கூடுதல் லாபம் சிறிதாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே, ஃப்ளோரைடு தரும் என்ற ஒரே காரணத்துக்காக அயனோமரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஈரத்தில் வைக்கலாம் என்பதற்காகத் தேர்ந்தெடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில் ரெசின் தவிர வேறெதையும் தொடமாட்டேன். ஆறரை வயதுப் பையன் ஒருவன் வந்தான். கீழ்க் கடைவாய்ப்பல் முக்கால்வாசி எழும்பியிருந்தது. பின்பக்கம் ஈறு ஒரு சின்ன மடிப்பாகப் பல்லின் மேல் படுத்திருந்தது. அதைப் பஞ்சால் தள்ளிப் பிடித்துக்கொண்டே வேலையை முடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து வந்தபோது முன்பாதி ரெசின் கல்லு மாதிரி நின்றது. ஈறு படுத்திருந்த பின்பாதியில் ரெசினைக் காணோம், அங்கே பள்ளம் பழுப்பாகி முனை இளகியிருந்தது. அந்தப் பல்லுக்கு ஃபில்லிங் வைக்க வேண்டியதாயிற்று. அந்த மடிப்பின் அடியிலிருந்து கசிந்த ஈரத்தை நான் பொருட்படுத்தவில்லை. நாலு மாதம் பொறுத்திருந்தாலோ, அன்றைக்கு அயனோமர் வைத்துவிட்டுப் பிறகு ரெசினுக்கு மாறியிருந்தாலோ அந்தப் பல் முழுசாக இருந்திருக்கும். இன்றைக்கும் பாதி எழும்பிய பல்லைப் பார்த்தால் முதலில் என் கண் போவது அந்தப் பின்மூலைக்குத்தான்.

இப்போது நான் செய்வது இதுதான். பல் முழுதாக வெளியே வந்திருந்து, பிள்ளை வாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஒத்துழைப்பாள் என்றால் ரெசின். ஈறு இன்னும் பல்லின் மேல் இருந்தாலும், பிள்ளை பயந்து நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாலும், எச்சில் அடங்காவிட்டாலும் கிளாஸ் அயனோமர். அதை இடைக்காலக் கவசமாகவே எண்ணி, பல் எழும்பியபின் பார்த்து ரெசினுக்கு மாற்றுகிறேன். காத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சொத்தை வாய்ப்புக் குறைந்த பிள்ளைக்குக் காத்திருக்கலாம். ஆனால் பால்பற்களில் ஏற்கனவே சொத்தை வந்த பிள்ளைக்குக் காத்திருப்பது ஆபத்து. கடைவாய்ப்பல் ஈறைக் கிழித்து வந்து எதிர்ப்பல்லைத் தொடுவதற்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை மென்று தேயாத, பிரஷ் எட்டாத, எனாமல் இன்னும் முதிராத அந்தப் பல்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. உங்கள் மகளுக்குப் பால்பல்லில் சொத்தை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமலும், வாயைப் பார்க்காமலும் இன்னதுதான் வையுங்கள் என்று நான் சொல்ல முடியாது.

ரெசினுக்குள்ளேயே பல வகை உண்டு. சிலவற்றில் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்திருக்கும். அது தேய்மானத்தைக் குறைக்கும், ஆனால் கடிக்கும்போது உயரமாகத் தட்டினால் மருத்துவர் சீராக்க வேண்டும். துகள் கலக்காதது பள்ளத்துக்குள் சுலபமாக ஓடும், உயரமாக இருந்தாலும் தானாகத் தேய்ந்து சரியாகும். இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை. நிறத்தில் மட்டும் எனக்கு விருப்பம் உண்டு: வெள்ளையாகத் தெரிவதையே கேளுங்கள். கண்ணாடி போல நிறமற்றதை வைத்தால் ஆறு மாதம் கழித்து அது இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். வெள்ளை என்றால் வீட்டில் நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். ஃப்ளோரைடு கலந்த ரெசின் என்று விற்பதற்குக் கூடுதல் பாதுகாப்பு இருப்பதாக உறுதியான சான்று இல்லை. ஈரத்திலும் ஒட்டும் என்று சொல்லி வரும் புதிய ரெசின்களின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன, அதனால் நான் இன்னும் அவற்றுக்கு மாறவில்லை. இரண்டையும் கலந்த ரெசின் சேர்ந்த அயனோமர், காம்போமர் என்பவையும் உண்டு. சீலன்ட்டாக அவை ரெசினை மிஞ்சியதில்லை. உங்கள் மகளுக்கு அவை தேவைப்படும் என்று தோன்றவில்லை.

விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. பாதியோ முழுதோ பெயர்ந்த பற்களையும் சீலன்ட்டே வைக்காத பற்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெயர்ந்த பற்களுக்கு அதிகச் சொத்தை வரவில்லை. அதாவது மிக மோசமாகப் போனாலும் பழைய இடத்துக்குத்தான் திரும்புகிறீர்கள். அமிலம் வைத்த எனாமல் அப்படியே சொரசொரப்பாக நின்றுவிடுமோ என்றும் பயப்பட வேண்டாம். எச்சிலிலுள்ள தாதுக்களே அதை மறுபடி நிரப்பிவிடும். இருந்தாலும் ஓரம் தூக்கியிருந்தால் சீக்கிரம் போய்த் திருத்திக்கொள்வதுதான் நல்லது. வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இரண்டு வருடம் மருத்துவரிடமே போகாத வீடுகளில்தான் சீலன்ட் தோற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாப் பெற்றோருக்கும் அது வரும். உள்ளே ஏற்கனவே சொத்தை ஆரம்பித்திருந்து, அதன் மேல் மூடிவிட்டால் உள்ளுக்குள்ளேயே பரவாதா? எனாமல் உடைந்து குழி விழாத ஆரம்பக் கட்டமாக இருந்தால் பரவாது. மூடியதும் கிருமிக்கு இனிப்பு வரத்து நின்றுவிடும், உள்ளே அதன் எண்ணிக்கை குறைகிறது. மூடிய ஆரம்பச் சொத்தைகள் மூடாதவற்றைவிட மெதுவாக நகர்கின்றன, பல நின்றேவிடுகின்றன. குழி விழுந்துவிட்டால் கதை வேறு, அங்கே மருத்துவர்தான் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பள்ளத்தில் கூர்மையான கருவியை அழுத்திக் குத்திப் பார்ப்பது பழைய பழக்கம். நன்றாக உலர்த்தி, வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதே போதுமானது, பாதுகாப்பானதும்கூட.

பிஸ்பீனால் ஏ பற்றிய பயம் 1996இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு ஆய்விலிருந்து பெரிதாகப் பரவியது. சீலன்ட் வைத்தபின் எச்சிலில் அந்தப் பொருள் தெரிந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். நடப்பது என்னவென்றால், ரெசினில் பிஸ்பீனால் ஏ நேரடியாகச் சேர்க்கப்படுவதில்லை. பிஸ்-டிஎம்ஏ என்ற ஒரு மூலப்பொருள் உள்ள வகைகளில், எச்சிலிலுள்ள நொதி அதை உடைத்து பிஸ்பீனால் ஏ ஆக்குகிறது. பரவலாகப் பயன்படும் பிஸ்-ஜிஎம்ஏ அப்படிச் சுலபமாக உடைவதில்லை, தயாரிப்பில் தங்கிய தடயம் மட்டும் இருக்கலாம். வெளிவரும் அளவு மிகச் சிறிது. பெரும்பாலான அளவீடுகளில் வைத்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடுகிறது. வருடக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும் பொருளாக எண்ண வேண்டாம். அதையும் குறைக்க ஒரு எளிய வழி உண்டு. விளக்கு காட்டியபின் ரெசினின் மேற்பரப்பில், காற்றுப் பட்டதால் இறுகாத ஒரு பிசுபிசுப்புப் படலம் இருக்கும். ஈரப்பஞ்சால் அதைத் துடைத்து, நன்றாகக் கழுவித் துப்பச் சொன்னால் பெரும்பகுதி அதோடு போய்விடும். இதைச் செய்வீர்களா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். பிஸ்-டிஎம்ஏ இல்லாத வகையைக் கேட்பதிலும் தவறில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் ரெசின் கலக்காத சாதாரண கிளாஸ் அயனோமரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ரெசினின் மூலப்பொருள் வகையான மெத்தாக்ரிலேட்டுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் அதுதான் வழி.

சீலன்ட்டே வேண்டாம், வேறு ஏதாவது உண்டா என்றால், உண்டு. வேல்ஸில் 6, 7 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஒரு ஆய்வில், பாதிப் பேருக்கு ரெசின் சீலன்ட்டும் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளோரைடு வார்னிஷும் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து முதல் குழுவில் 19.6 சதவீதம், இரண்டாவதில் 17.5 சதவீதம் பேருக்குக் கடைவாய்ப்பல்லில் ஆழமான சொத்தை. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஆனால் வார்னிஷ் பூச ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போக வேண்டும். அந்த ஆய்வில் அதைப் பள்ளிகளுக்கே போய்ச் செய்தார்கள். நியூயார்க் நகரப் பள்ளிகளில் நடந்து 2023இல் வெளியான இன்னொரு ஆய்வில், சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தடவியது அயனோமர் சீலன்ட் வைத்ததற்குக் குறைந்ததாக இல்லை. அந்தத் திரவம் சொத்தை பட்ட இடத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்காரவே மறுக்கும் பிள்ளைக்கு இவை நல்ல வழிகள். நீங்கள் எதை வைத்தாலும், இரண்டு பற்களுக்கு நடுவில் உள்ள பக்கச் சுவரை எந்த சீலன்ட்டும் காக்காது. அங்கே பற்பசையும், பல் இடுக்கில் விட்டு எடுக்கும் நூலும்தான்.

ஆகவே அடுத்த முறை போகும்போது பொருளின் பெயரை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள். நான்கு பற்களும் முழுதாக வெளியே வந்துவிட்டனவா, எதன் மேலாவது ஈறு படுத்திருக்கிறதா? எச்சிலை எப்படித் தடுப்பீர்கள், உதவிக்கு ஆள் இருப்பார்களா? விழுந்தால் எப்போது பார்த்துத் திருத்துவீர்கள்? மேல்பற்கள் இரண்டும் எழும்பி, கீழ்ப்பற்கள் பாதியில் இருந்தால், மேலே ரெசினும் கீழே அயனோமரும் வைப்பது முற்றிலும் சரியான வைத்தியம். நான் அடிக்கடி அப்படிச் செய்கிறேன். ரெசின் வைத்தால் வீட்டுக்கு வந்ததுமே சாப்பிடலாம். அயனோமர் வைத்தால் ஒரு மணி நேரம் எதையும் கடிக்க வேண்டாம். முதல் நாள் கடிக்கும்போது ஏதோ தட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் இரண்டு மூன்று நாள் பாருங்கள். அதற்கு மேலும் சொன்னால் கூட்டிப்போய்ச் சீராக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கட்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயது வாக்கில் பின்னால் இன்னும் நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். அப்போது இதே கேள்வி மறுபடி வரும். அவள் பெரியவளாகி நன்றாக ஒத்துழைப்பாள் என்பதால் அந்த முறை பெரும்பாலும் ரெசினாகத்தான் இருக்கும்.